கருவி, காவல், விளையாட்டு: கணிப்பொறிச் சந்தையில் ஒரு வாடிக்கையாளரின் மதிப்புரை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணிப்பொறியின் துணைக்கருவிகள், பாதுகாப்பு மென்பொருள்கள், கணிப்பொறி விளையாட்டுகள் ஆகிய மூன்றைக் குறித்து, அவற்றை விலை கொடுத்து வாங்குகின்ற ஒருவரின் கருத்தாகப் பேச வேண்டும் என்று செயலாளர் என்னைப் பணித்தார். பொறியியல் வல்லுநர்கள் பேச வேண்டிய பொருளில் தமிழ் விரிவுரையாளருக்கு என்ன வேலை என்று அவையில் சிலர் எண்ணக்கூடும். வல்லுநர் செய்வதை எடுத்துரைப்பார். வாங்குபவர் பட்டதை எடுத்துரைப்பார். இரண்டும் தேவை. நூலொன்றை வாங்கிப் படித்தவர் அதன் நிறைகுறைகளைச் சொன்னால் அதற்கு மதிப்புரை என்று பெயரிட்டு இதழ்களில் இடம் தருகிறோம். விசைப்பலகையை வாங்கியவர் அதன் நிறைகுறைகளைச் சொன்னால் அதுவும் மதிப்புரையே. திறனாய்வு என்பது நூல்களுக்கு மட்டுமே உரிய தனிச்சொத்து அன்று.

இதற்குச் சட்டத்தின் ஆதரவும் உண்டு. 1962ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, அந்நாட்டு நாடாளுமன்றத்திற்கு விடுத்த செய்தியில் நுகர்வோருக்கு நான்கு உரிமைகள் உண்டு என்றார். பாதுகாப்பு, தகவல், தேர்வு என்னும் மூன்றோடு, தம் கருத்து செவிமடுக்கப்படும் உரிமையையும் நான்காவதாகச் சேர்த்தார். நம் நாட்டில் 1986ஆம் ஆண்டு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வுரிமையை ஏற்றுள்ளன. செவிமடுக்கப்படும் உரிமை இருக்கிறது. ஆனால், வாய் திறந்து பேசுகிறவர்கள் இருந்தால்தானே செவிக்கு வேலை? கணிப்பொறி வாங்குகிற தமிழர்கள் பல்லாயிரவர். தமிழில் எழுதுவதற்காக வாங்குகிறோம் என்று கடைக்காரரிடம் சொல்கிறவர்கள் அவர்களுள் எத்தனை பேர் என்பதே இன்று நான் எழுப்ப விரும்பும் வினா.

ஆகவே, இந்த மூன்று வகைப் பொருள்களையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்க்க விரும்புகிறேன். விலை என்ன, வேகம் என்ன என்பவற்றை விளம்பரங்களே சொல்லிவிடுகின்றன. எழுதுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பொருள் என் சொல்லுக்கு என்ன செய்கிறது என்பதே அது.

கருவி

துணைக்கருவிகளுள் எழுத்தாளர்க்கு முதன்மையானது விசைப்பலகை. இன்று நம் மேசைகளில் இருக்கும் ஆங்கில விசை வரிசை, 1868இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கரான கிறிஸ்டபர் சோல்சின் தட்டச்சுப்பொறி வழிவந்தது. 1870களில் ரெமிங்டன் நிறுவனத்தின் வாயிலாகச் சந்தைக்கு வந்தது. 26 எழுத்துகளுக்காக அமைந்த பொறியில் 247 எழுத்துகளை ஏற்றுவது எவ்வாறு என்ற சிக்கலை எதிர்கொண்டவர் மலேயாவில் வாழ்ந்த யாழ்ப்பாணத்துத் தமிழர் ஆர். முத்தையா. தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை என்று அவரைப் போற்றுகிறோம்.

கணிப்பொறி வந்தபோது சிக்கல் வேறு வடிவில் திரும்பி வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு விசை வரிசையை வகுத்துக்கொண்டது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டை அடுத்து, தமிழக அரசு பொது விசைப்பலகை ஒன்றை அவ்வாண்டிலேயே ஏற்றது. தமிழ்99 என்று வழங்கும் அதனைப் பற்றிக் கவிஞர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில், நான் பயன்படுத்திய கருவிகளிலேயே தமிழ் இலக்கணம் அறிந்த கருவி அது ஒன்றுதான்.

உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்துகளே அதன் அடிப்படை. உயிர்கள் இடக்கை விரல்களுக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கை விரல்களுக்கும் உரியவை. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறப்பதை இரு கைகளும் மாறிமாறி நிகழ்த்துகின்றன. இன்னும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. அம்மா என்று எழுத அகரம், மகரம், மீண்டும் மகரம், ஆகாரம் என நான்கு விசைகளைத் தட்டினால் போதும். ஒரே மெய் இரட்டிக்கும்போது முன்னதற்குப் புள்ளியைக் கருவியே இட்டுவிடுகிறது. அதுபோலவே ஙகரத்தை அடுத்துக் ககரமும், ஞகரத்தை அடுத்துச் சகரமும், ணகரத்தை அடுத்து டகரமும், நகரத்தை அடுத்துத் தகரமும், மகரத்தை அடுத்துப் பகரமும், னகரத்தை அடுத்து றகரமும் வந்தால் முன்னின்ற மெல்லினம் தானே புள்ளி பெறும். தங்கம் என்று எழுதும்போது நடுவிலுள்ள புள்ளி தானே விழுகிறது. இறுதி மகரத்திற்கு மட்டுமே நாம் புள்ளியிட வேண்டும். வல்லினத்திற்கு இனமான மெல்லினம் எது என்று வகுப்பில் நான் நடத்துகிற பாடத்தை இந்த விசைப்பலகை விரல்களுக்கு நடத்துகிறது.

குறையும் சொல்ல வேண்டும். குறை சொல்லாத மதிப்புரை விளம்பரமாகிவிடும். சந்தப் பாடல் எழுதுவோருக்கு இது ஓரிடத்தில் இடறும். தனன என்று எழுத முனைந்தால் இரண்டு னகரங்கள் அடுத்தடுத்து வருவதால் முதல் னகரம் புள்ளி பெற்று, தன்ன என்று ஆகிவிடும். இடையில் அகர விசையைத் தட்டி அதனைத் தடுக்க வேண்டும். சந்தக்குழிப்பை வரி வரியாகத் தட்டுகிறவர்க்கு இது சலிப்பூட்டும். ஆயினும் பழகிய விரல் ஒரு கிழமையில் இதனைக் கடந்துவிடும்.

ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் எழுத்தைப் பெறும் முறையில், எழுதுவோரும் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் இம்முறையை உலகத் தமிழர்களிடம் கொண்டு சேர்த்தன. அதனால் தமிழில் எழுதத் துணிந்தோர் எண்ணற்றோர். அந்த நன்மையை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால், தமிழ்ச் சொல் நெஞ்சில் தோன்றி, ஆங்கில எழுத்தாக மாறி, மீண்டும் தமிழாகத் திரையில் விழும் அந்தச் சுற்றுவழியில் லகர ளகர ழகரங்களும் னகர ணகர நகரங்களும் தடுமாறுவதை மாணவர்களின் கட்டுரைகளில் அன்றாடம் காண்கிறேன். எழுதுவதையே வாழ்வாகக் கொண்டவர்கள் நேர்வழியைக் கற்றுக்கொள்வது நலம்.

இனிக் கடைக்கு வருவோம். தாய்லாந்தில் விற்கப்படும் விசைப்பலகைகளில் தாய் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அரபு நாடுகளில் அரபு எழுத்துகள் உள்ளன. தமிழகத்துக் கடைகளில் நான் தேடியவரையில் தமிழ் எழுத்துப் பொறித்த விசைப்பலகை கைக்கெட்டும் பொருளாக இல்லை. கேட்டால் ஒட்டு எழுத்துத் தாளை எடுத்துத் தருகிறார்கள். அது சில திங்கள்களில் வியர்வைபட்டு ஓரம் சுருண்டு உரிகிறது. முதலில் உரிவது அதிகம் தட்டப்படும் ககரமும் தகரமும்தான். யாரும் கேட்பதில்லை அம்மா என்பது கடைக்காரரின் விடை. அவர்மீது குற்றமில்லை. கேட்காத பொருளை எந்த வணிகரும் அடுக்கி வைக்கமாட்டார். நாம் பத்துப் பேர் பத்துக் கடைகளில் கேட்போமானால், பதினோராவது ஆள் கேட்கும்போது விடை வேறாக இருக்கும்.

ஏனைய கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுட்டெலியை 1964இல் மரக்கட்டையில் செய்வித்தவர் டக்ளஸ் எங்கல்பார்ட். இன்று அது எத்தனையோ வடிவங்களில் கிடைக்கிறது. உங்கள் உள்ளங்கைக்குப் பொருந்துவதே நல்லது, விலை உயர்ந்தது அன்று. திரை வாங்குவோர் கடையிலேயே ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஆங்கிலம் தெளிவாகத் தெரியும் சிறு அளவில் ணகரத்தின் சுழிகளும் உகர ஊகாரக் குறிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். தடையில்லா மின்வழங்கி நம் ஊர்களில் இன்றும் ஆடம்பரமாகாது. பாதி எழுதிய வரி மின்வெட்டில் மறைந்த துன்பத்தை அறியாதவர் இங்கு இரார்.

சேமிப்புக் கருவிகளைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். என் மேற்பார்வையில் ஆய்வு செய்த மாணவி ஒருவர், மறைந்த கவிஞர் ஒருவரின் வெளிவராத படைப்புகளைத் தொகுக்க முற்பட்டார். கவிஞரின் மகன் தந்தையாரின் கணிப்பொறியையே எடுத்து வந்து தந்தார். அதில் இரண்டு கோப்புறைகள் இருந்தன. முதலாவதைத் திறந்தோம். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிக் கலந்து கிடந்தன. மகன் மனமுடைந்துபோனார். உண்மையில் அங்கே எதுவும் அழியவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறை விலகி, உள்ளே இருக்கும் ஆங்கிலக் குறிகளே தெரியும். எழுத்துரு இன்னதென்று கண்டுபிடித்து, மாற்றி மென்பொருளால் ஒருங்குறிக்கு மாற்றியபோது கவிதைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. தம் தந்தையாரின் முதல் வரி திரையில் தெளிந்ததும் அந்த மகன் எழுந்து நின்றுவிட்டார்.

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தன் பயன்பாட்டுக்கு ஏற்றது. ஆயினும் அச்சகங்கள் பலவற்றில் இன்றும் நூல்கள் பழைய எழுத்துருக்களிலேயே கோக்கப்படுகின்றன. நூல் அச்சானதும் கோப்பு அச்சகத்தின் கணிப்பொறியிலேயே தங்கிவிடுகிறது. எனவே, எவ்வளவு உயர்ந்த சேமிப்புக் கருவியை வாங்கினாலும், அதற்குள் வைக்கும் எழுத்து எந்தக் குறியீட்டில் உள்ளது என்பதைக் கேட்டறியாமல் வைத்தால், பெட்டி பத்திரமாக இருக்கும். பொருள் கையில் கிடைக்காது. இரண்டாவது கோப்புறையைப் பற்றி அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

காவல்

கணிப்பொறியைக் கெடுக்கும் நச்சுநிரல்களின் வரலாற்றில் வேடிக்கையான தொடக்கம் ஒன்று உண்டு. 1986இல் லாகூர் நகரத்தைச் சேர்ந்த அல்வி உடன்பிறப்பினர் இருவர், பிரெயின் என்ற நிரலை எழுதினர். தம் மருத்துவ மென்பொருளைத் திருட்டுப்படி எடுப்போரைக் கண்டறிவதே நோக்கம் என்றனர். அந்த நிரலுக்குள் தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருந்தனர். உலகைச் சுற்றிய முதல் நச்சுநிரல்களுள் ஒன்று, முத்திரைக் கவிதைபோலத் தன் ஆசிரியர் பெயரோடு வந்தது.

அடுத்ததாகக் கவிஞர்கள் கருத வேண்டியது 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் பிலிப்பைன்சிலிருந்து பரவியது. அது காதல் கடிதமாக வந்தது. தெரிந்தவர் ஒருவரின் பெயரிலிருந்து, உன்னைக் காதலிக்கிறேன் என்ற தலைப்போடு அஞ்சல் வரும். இணைத்துள்ள கடிதத்தைத் திறந்தவுடன் உள்ளிருக்கும் படங்கள் முதலிய கோப்புகளை அழித்து, முகவரிப் புத்தகத்திலுள்ள எல்லோருக்கும் அதே கடிதத்தைத் தானே அனுப்பிவிடும். இலட்சக்கணக்கான கணிப்பொறிகள் இதற்கு இரையாயின. தூது இலக்கியத்தை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். தூது பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. எந்தப் பூட்டையும் அது உடைக்கவில்லை. மனிதரின் ஆவலே கதவைத் திறந்துவிட்டது.

2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை வேறு வகையைச் சேர்ந்தது. அது கோப்புகளை அழிப்பதில்லை. மறைமொழியாக்கிப் பூட்டிவிட்டு, பணம் தந்தால் திறவுகோல் தருவதாகச் சொல்லும். ஏறத்தாழ 150 நாடுகளில் அது பரவியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் தடுமாறின. அது நுழைந்த துளையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவிக்கொண்ட கணிப்பொறிகள் தப்பின.

இப்போது அந்த இரண்டாவது கோப்புறைக்கு வருகிறேன். கவிஞர் தம் இறுதி ஆண்டுகளில் எழுதியவை அதில் இருந்தன. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் அறியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கூடவே பணம் கேட்கும் குறிப்பு ஒன்றும் இருந்தது. பூட்டும் நிரல் எப்போதோ வந்து போயிருக்கிறது. கவிஞர் யாரிடமும் சொல்லவில்லை. வல்லுநர்கள் மூவர் முயன்றும் ஒரு வரிகூடத் திறக்கவில்லை. வேறு படி எங்கும் இல்லை. ஓலையைச் செல்லரித்தால் அரித்த இடம் போக மிச்சமாவது கிடைக்கும். பதிப்பாசிரியர் விடுபட்ட இடத்தில் புள்ளிகளை இட்டு அச்சிடுவார். இங்கே கவிதைகள் முழுமையாக இருக்கின்றன, கண்முன் இருக்கின்றன, ஆனால் படிக்க இயலாது. அந்தக் கணிப்பொறியில் விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பு மென்பொருள் ஒன்று இருந்தது. அதன் காலம் முடிந்து நெடுநாள் ஆகியிருந்தது.

ஆகவே, பாதுகாப்பு மென்பொருள் குறித்த என் கருத்தைச் சொல்கிறேன். இன்றைய விண்டோஸ் கணிப்பொறிகளில் அந்நிறுவனமே தரும் காவல் உள்ளமைந்தே வருகிறது. எழுதுவதும் அஞ்சல் பார்ப்பதும் மட்டுமே செய்கிற ஒருவர்க்கு, திருத்தங்களை உரிய காலத்தில் நிறுவி வந்தால், அதுவே பெரும்பாலும் போதுமானது. கட்டணம் செலுத்தி வாங்குவதாயின், அடக்கத்தைக் கொண்டு அதனை மதிப்பிடுங்கள். நல்ல காவலர் தெருவில் நடப்பது தெரியாது. நான் வாங்கிய ஒரு மென்பொருள், முதலாண்டில் குறைந்த விலைக்குத் தன்னைத் தந்தது. இரண்டாம் ஆண்டு முதல் விலை இரு மடங்குக்கும் மேலாயிற்று. வகுப்பறையில் திரையில் குறுந்தொகைப் பாடலைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கும்போது, உங்கள் கணிப்பொறி ஆபத்தில் இருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் குறுக்கே வந்து நின்றது. ஆபத்து வேறொன்றுமில்லை, சந்தாவைப் புதுப்பிக்க இருபது நாள்களே இருந்தன. காவலுக்கு வந்தவர் அச்சத்தை விற்கத் தொடங்கினால், அவரை மாற்றிவிடுவது நன்று.

காவலே இடராக மாறியதும் உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய திருத்தம் ஒன்று பிழையாக இருந்ததால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் செயலிழந்தன. வானூர்தி நிலையங்கள் திகைத்தன. நம் நாட்டில் பயணிகளுக்கு நுழைவுச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாக் காவலும் தோற்ற நாளில் கைகொடுத்தது தாளும் எழுதுகோலும்தான்.

இதிலிருந்து நான் பெறும் முடிவு இது: காவல் மென்பொருளை வாங்கலாம், ஆனால், காப்பது அது அன்று. காப்பது படி. ஓலைச்சுவடிக் காலம் நமக்குக் கற்றுத் தந்த பாடம் இதுவே. ஓலையின் வாழ்நாள் குறுகியது என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். அதனால் படியெடுத்துக்கொண்டே இருந்தனர். படியெடுக்கப்பட்டவை நம்மிடம் வந்து சேர்ந்தன. படியெடுக்கப்படாதவற்றின் பெயர்களை உரைகளில் மட்டுமே காண்கிறோம். கணிப்பொறி வல்லுநர்களும் இதையே சொல்கிறார்கள்: மூன்று படிகள், இரண்டு வகைக் கருவிகளில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். அந்தப் படிகளுள் ஒன்று எப்போதும் கணிப்பொறியோடு இணைக்கப்படாமல் தனித்திருக்க வேண்டும். இணைந்தே இருந்தால் பூட்டும் நிரல் அதனையும் பூட்டிவிடும்.

விளையாட்டு

மூன்றாவதாகக் கணிப்பொறி விளையாட்டு. இதனைப் பற்றி ஆசிரியர்கள் பேசினாலே பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள் என்ற முடிவோடுதான் தொடங்குவது வழக்கம். நான் விளையாடிப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

1984இல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் பணிபுரிந்த அலெக்சி பஜித்னோவ் என்பவர் டெட்ரிஸ் என்ற விளையாட்டை உருவாக்கினார். அவரிடமிருந்த கணிப்பொறியால் படம் வரைய இயலாது; ஆகவே, அடைப்புக்குறிகளைக் கொண்டே கட்டங்களை அமைத்தார். நான்கு கட்டங்கள் இணைந்த ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும். அவற்றைத் திருப்பி அடுக்க வேண்டும். ஒரு வரிசை இடைவெளியின்றி நிறைந்தால் மறையும். நிறையாதவை மேன்மேலும் குவிந்து ஆட்டத்தை முடித்துவிடும். அளவான வடிவங்கள், மீறக்கூடாத கட்டு, வரிக்குள் பொருந்தியே ஆக வேண்டிய நெருக்கடி ஆகியவை மரபுக்கவிஞர்களுக்குப் புதியவை அல்ல. சீர் பொருந்தாமல் இரவெல்லாம் புரண்டவர்கள் இந்த ஆட்டத்தை உடனே புரிந்துகொள்வர். இன்னொரு செய்தியும் படைப்பாளிகளுக்கு உரியது. உலகெங்கும் விற்ற இவ்விளையாட்டுக்கு உரிமைத்தொகை அதனைப் படைத்தவர்க்கு 1996ஆம் ஆண்டுக்குப் பிறகே கிடைக்கத் தொடங்கியது. பதிப்பாளரிடம் கணக்குக் கேட்டுச் சலித்தவர்கள் இதில் ஆறுதல் கொள்ளலாம்.

இரண்டாவது விளையாட்டின் பெயரைச் சொன்னால் வியப்பீர்கள். அதன் பெயர் வெண்பா. கனடாவின் டொராண்டோ நகரத்து விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் இதனை வெளியிட்டது. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்ற பெண்ணும் அவர் கணவரும் மகன் கவினும் இதன் மாந்தர்கள். தாயின் சமையல் குறிப்பேடு ஒன்றுதான் அப்பெண் கொண்டு சென்ற சொத்து. ஏடு கிழிந்தும் மை கரைந்தும் போயிருக்கிறது. எஞ்சிய சொற்களைக் கொண்டு விடுபட்டவற்றை ஊகித்து, இட்லியையும் புட்டையும் முறையாகச் சமைப்பதே நாம் ஆடும் ஆட்டம். மகன் வளர வளரத் தாய்மொழியிலிருந்து விலகுகிறான். அந்த விலகலின் வலியே கதை. 2024இல் பிரிட்டனின் பாப்டா விருதுகளில் சிறந்த முதற்படைப்புக்கான விருது இதற்குக் கிடைத்தது.

சிதைந்த ஏட்டிலிருந்து மூலபாடத்தை மீட்பது எங்கள் துறையில் பதிப்பியல் என்று பெயர் பெறும். அதனை முதுகலை மாணவர்களுக்கு ஓராண்டு நடத்துகிறோம். அதே பணியை இட்லித் தட்டை வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டு நடத்திவிடுகிறது. வாடிக்கையாளர் என்ற முறையில் எனக்குள்ள குறை அதன் நீளம் பற்றியது. இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது; கொடுத்த பணத்திற்கு இன்னும் சில சமையல்கள் இருந்திருக்கலாம். ஆனால், ஒரு நல்ல சிறுகதை குறுகியது என்று யாரும் விலையைத் திருப்பிக் கேட்பதில்லை. நம் வாழ்வு, நம் மொழி, நம் யாப்பின் பெயர் ஆகியவற்றைத் தாங்கிய ஒரு படைப்பு உலக மேடையில் மதிக்கப்பட்டது. அதற்குத் தமிழ் இதழ்களில் எத்தனை மதிப்புரைகள் வந்தன? குறும்படத்திற்கு வரும் அளவுகூட வரவில்லை. விளையாட்டை இலக்கியத்தின் அயலார் என்று நாம் எண்ணிவிட்டோம்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. இலவசம் என்று வந்து, உள்ளே நுழைந்த பின் காசு பறிக்கும் விளையாட்டுகள் பெருகிவிட்டன. உள்ளிருப்பது இன்னதென்று தெரியாத பெட்டியைப் பணம் கொடுத்துத் திறக்கச் சொல்லும் முறையை 2018இல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே அறிவித்தது. வாழ்வைச் சிதைக்கும் அளவு விளையாட்டில் மூழ்குவதை உலக நலவாழ்வு அமைப்பு தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியல் 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். தொண்ணூற்று நான்காவது அது. கவறு மாறியிருக்கிறது, கழகம் கைக்குள் வந்துவிட்டது. மற்றபடி ஆட்டம் பழையதே. எனவே, பிள்ளைகளிடம் விளையாடாதே என்று சொல்வதைக் காட்டிலும், எதை விளையாடுகிறாய், அது உன்னிடம் என்ன கேட்கிறது என்று வினவுவது பயன் தரும். சிந்தனையைக் கேட்கும் விளையாட்டு ஒரு வகை. பணத்தைக் கேட்கும் விளையாட்டு வேறு வகை. இரண்டையும் பிரித்தறியக் கற்றுத் தருவதும் திறனாய்வுக் கல்விதான்.

வட்டத்திற்கு மூன்று வேண்டுகோள்கள்

உரையை நிறைவு செய்யுமுன், இவ்வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, இந்தப் பத்தாண்டுகளில் இங்கு அரங்கேறிய கவிதைகளையெல்லாம் ஒருங்குறியில் திரட்ட வேண்டும். ஆண்டு மலர்களின் கோப்புகள் அச்சகத்தில் உள்ளவரை அவை நம்முடையவை அல்ல. அவற்றைக் கேட்டுப் பெற்று, எழுத்துருவை மாற்றி, மெய்ப்புத் திருத்தி வைக்க இரு திங்கள் உழைப்பு போதும். என் துறை மாணவியர் இப்பணியில் உதவுவார்கள் என்று உறுதியளிக்கிறேன்.

இரண்டாவது, அவ்வாறு திரட்டியதற்கு மூன்று படிகள் வேண்டும். ஒன்று செயலாளர் இல்லத்தில் இருக்கட்டும். மற்றொன்று வெளியூர் உறுப்பினர் ஒருவரிடம் இருக்கட்டும். மூன்றாவது படி தாளில் அச்சாகி நூலகத்தில் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை, இந்த விழா நாளிலேயே, மூன்றையும் திறந்து பார்ப்பதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிடலாம். திறந்து பார்க்கப்படாத படி இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, திங்கள் கூட்டத்தில் நூல் மதிப்புரைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பத்து நிமிடத்தை இத்தகைய பொருள்களின் மதிப்புரைக்கும் தர வேண்டும். புதிய விசைப்பலகை வாங்கியவர் அதனைப் பற்றிப் பேசட்டும், நல்ல விளையாட்டைக் கண்டவர் அதனை எடுத்துரைக்கட்டும், ஏமாந்தவர் எச்சரிக்கட்டும். பேசியதை எழுதி, உரிய நிறுவனத்திற்குத் தமிழிலேயே அனுப்புவோம். தமிழில் கருத்துச் சொல்லும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான், தமிழுக்கென்று பொருள் செய்ய வேண்டும் என்ற எண்ணம் செய்வோருக்கு எழும்.

மறைந்த அந்தக் கவிஞரின் முதற்கோப்புறைக் கவிதைகள் இப்போது தொகுப்பாகிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவது கோப்புறையின் பெயரை மட்டும் அத்தொகுப்பின் முன்னுரையில் குறிப்பிடலாம் என்று மாணவியிடம் சொல்லியிருக்கிறேன். இந்த அவையில் அமர்ந்திருக்கும் எந்தக் கவிஞருக்கும் அப்படி ஒரு முன்னுரை எழுதும் நிலை எனக்கோ வேறு யாருக்கோ வரக்கூடாது. அதற்காகவே கருவியைப் பற்றியும் காவலைப் பற்றியும் இவ்வளவு நேரம் பேசினேன்.

இன்று இல்லம் திரும்பியதும், உங்கள் கவிதைகளுள் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றையாவது வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். பதினோராம் ஆண்டு விழாவில் அதனை இங்கே படிக்கக் கேட்பேன்.